நான் பிடித்து வைத்த இடம்

மகன்,

போன கிழமை நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, வெள்ளவத்தையில் உன் வருங்கால மாமனார் கல்யாணத்துக்குக் கார் தருகிறார், அதை நம்முடைய ஒழுங்கையில் என் லொறி நிற்கும் இடத்தில்தான் விடப்போகிறாய், ஆகவே நான் அங்கே டயரைப் போட்டு இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு, முனை வீட்டுப் பீற்றர் அங்கிளுக்குக் கல்யாணக் கார்ட் கொடுக்கக்கூடாது. இரண்டுக்கும் நான் "ம்" என்றேன். போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். கோபம் வரவில்லை, கவலையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, அப்படி இருந்தது. உன் அம்மா விழுந்து, அவளுக்கு ஏலாமல் போன நாளிலிருந்து எனக்கு எல்லாம் அப்படித்தான். ஆனால் நீ சொன்ன இரண்டு விஷயமும் ஒரே விஷயம். அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போனில் சொன்னால் பாதியில் நீ வெட்டுவாய், இல்லாவிட்டால் நான் வெட்டுவேன். அதனால் எழுதுகிறேன். இதை வேறு யார் வாசித்தாலும் எனக்குப் பரவாயில்லை. ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதை. தெரியாதவன் நீ மட்டும்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓ.எல். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாஸ்டர் அடித்ததாலும் இல்லை, வீட்டுக் கஷ்டத்தாலும் இல்லை. ஒரு வாங்கில் அவ்வளவு நேரம் உட்கார என்னால் ஏலாது, அவ்வளவுதான். பிறகு புறக்கோட்டையில் துணிக்கடை, ஜிந்துப்பிட்டியில் அச்சுக்கூடம், துறைமுகத்தில் கூலி வேலை. எதிலும் ஒரு வருஷம் தாண்டவில்லை. நீ பிறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, மீசைகூடச் சரியாக இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நேர்ஸ் என்னைத் தாண்டிப் பார்த்து, "தாத்தா கோ?" என்று கேட்டாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா, கோ என்றால் எங்கே. நான்தான் என்றேன். அவள் நம்பாமல் உன்னை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உனக்கு நாலு வயதானபோது லீசிங்கில் அந்தக் குட்டி லொறியை எடுத்தேன். ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் சாமான் ஏற்றிக் கடை கடையாகப் போடும் வேலை. அதில் மட்டும்தான் நிலைத்தேன். ஓடிக்கொண்டே இருக்கிற வேலை என்பதால் இருக்கும்.

ஆனால் வண்டி என்றால் அது எங்கேயாவது நிற்கவும் வேண்டும். நம்முடைய ஒழுங்கை ஒடுங்கிய சந்து, வாசலில் விட்டால் வீட்டுக் கதவு திறக்காது. ஒழுங்கை முனையில், பீற்றர் அங்கிள் வீட்டுக்கு எதிரே, அந்தப் பழைய ஸ்டோரின் மதில் ஓரம் கொஞ்சம் அகலம் இருந்தது. அங்கே விட்டேன். வேலையால் வந்து பார்த்தால் யாருடையதாவது பைக் நிற்கும். உடைந்த கதிரை ஒன்றை வைத்தேன். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விட்டார்கள். பூச்சாடி வைத்தேன். அதையும் நகர்த்தினார்கள். கடைசியில் கொழும்பில் எல்லாரும் செய்கிற வேலையைச் செய்தேன். லொறியின் பழைய டயர் ஒன்றை எடுத்து, உள்ளே சீமெந்தும் கல்லும் நிரப்பி, நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, ரோட்டில் போட்டேன். மற்றவர்கள் செய்யாத ஒன்றையும் செய்தேன். அந்தக் குழாய்க்குள் நுழைகிற மாதிரி ஒரு நீளக் கம்பி செய்வித்தேன். கம்பியை விட்டுச் சாய்த்து உருட்டினால்தான் டயர் நகரும். கம்பி இல்லாமல் நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க இடமில்லை. கம்பி எப்போதும் என் லொறியில், சீட்டுக்குப் பின்னால். என்னவோ பெரிய விஷயம் கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு. நீ அன்றைக்கு ஈரச் சீமெந்தில் கையை வைத்து அமுக்கி, ஐந்து விரலும் பதித்தாய். நான் சிரித்தேன். ஒரு வருஷத்துக்குள் ஒழுங்கையில் இன்னும் ஐந்து டயர் வந்தது. என்னைப் பார்த்துத்தான்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை, தெரியும்தானே. ஒரு முறை சொன்னாள், ரோட்டில் வீட்டுச் சாமான் போட்டு வைப்பது ஒரு மாதிரி இருக்கிறது என்று. நான் அவளைப் பகிடி பண்ணினேன். அவளிடம் பகிடி பண்ண நிறைய இருந்தது. பால் பக்கெட் உறையைக் கழுவி, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பாள். சந்தைக்குப் போனால் துணிப்பை. குப்பை லொறி வருகிற நாளில் சாப்பாட்டுக் கழிவு வேறு, பொலித்தீன் வேறு, கண்ணாடி வேறு. பக்கத்து வீட்டார் ஒரே சொப்பிங் பேக்கில் எல்லாவற்றையும் கட்டி எறிய, இவள் மட்டும் மூன்று வாளியோடு நிற்பாள். "நீ ஒருத்தி பக்கெட்டக் கழுவினா கடல்ல பிளாஸ்டிக் குறஞ்சிடுமா?" என்று கேட்டேன். "கடலப் பத்தி எனக்குத் தெரியாது. நம்மட கான்ல ஒண்டு குறையும்," என்று வாசலில் ஓடுகிற கழிவுநீர்க் கானைக் காட்டினாள். நான் சிரித்தேன், நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய். அதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

லொறியைக் காலையில் பின்னுக்கு எடுக்க வழி காட்டுகிற வேலையும் அவளுடையதுதான். மழையோ வெயிலோ, முனைவரை என்னோடு நடந்து வருவாள். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்து, லொறியின் பக்கத்தில் கையால் தட்டி, "ரைட்... ரைட்... ரைட்" என்பாள். கண்டக்டர் தோற்றுப்போவான். சில நாளில் நீ பள்ளிக்கூட உடுப்போடு நின்று அவளைப் போலவே கத்துவாய். ரோட்டில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு நின்று வழி விடுவார்கள். நான் கண்ணாடியில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு பின்னுக்கு வருவேன். நினைத்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும். இப்போது அதை எழுதும்போதும் ஒன்றும் வரவில்லை.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். மத்தியானம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நீ வெள்ளவத்தையில் கடையில் நின்றாய். நான் ஒருகொடவத்தையில் லொறி வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் இடையில் புகுந்த ஒருவனோடு வாய்ச்சண்டை. அம்மா குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காதான் சத்தம் கேட்டு ஓடிப்போய், அம்புலன்ஸுக்குப் போன் அடித்தது. அம்புலன்ஸ் தாமதமில்லாமல் கெதியாக வந்தது. பீற்றர் அங்கிள் தன் வாசலில் நின்ற த்ரீவீல் ஓட்டோவை உடனே எடுத்து மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டார். இதை நன்றாக வாசி. அவர் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மதில் ஓரம் இருந்தது என் டயர் மட்டும்தான். லொறி இல்லை, வெறும் இடம். அந்த வெறும் இடத்தை அது காத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் டயர், மறு பக்கம் கரண்ட் போஸ்ட். அம்புலன்ஸ் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, "மேக்க காகெத?" என்று கேட்டாராம். இது யாருடையது என்று.

பீற்றர் அங்கிள் எனக்குப் போனில் கோல் எடுத்தார். எனக்கு அந்தக் கோல் ஒவ்வொரு சொல்லும் ஞாபகம். "தம்பி, உன்ட டயர எடுக்கவேணும், அந்தக் கம்பி எங்க?" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. அதை நான் கேட்டேன், ஆனால் கவனிக்கவில்லை. யாரோ வாகனம் விட இடம் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "அங்கிள், அது என்ட இடம். ஒருத்தரும் தொடவேணாம். நான் வந்து பாக்கிறன்," என்று சொல்லி வெட்டினேன். அவர் திரும்ப எடுத்தார். நான் எடுக்கவில்லை. இன்னொரு முறை எடுத்தார். அப்போது நான் அந்த வரிசைக்காரனிடம், உன் அப்பன் வீட்டு ரோடா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்ட வார்த்தை அதுதான். மாற்றிச் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஸ்கூல் வேன்கள் வந்து அம்புலன்ஸுக்குப் பின்னால் நின்றுவிட்டன. ஒரு வேன் பின்னுக்குப் போக அதற்குப் பின்னால் உள்ளது போக வேண்டும். அது போக மெயின் ரோட்டில் யாராவது நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவனைப் பார்த்து ஹோன் அடித்தார்களாம். அம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே நடந்தே போனார்கள். நம்முடைய வீட்டு நடைக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பீற்றர் அங்கிள் தன் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டு ஓடினார். அம்மாவை அதில் உட்கார வைத்து, ஒரு பக்கம் அம்புலன்ஸ்காரன், மறு பக்கம் முழங்கால் நோக்காடோடு அறுபத்தெட்டு வயதுப் பீற்றர் அங்கிள், பதினெட்டு வீடு தாண்டித் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்தும் வேன்கள் விலகும்வரை வண்டிக்குள்ளேயே நின்றார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு முந்தி என்று நான் கேட்கவில்லை.

நீ வெள்ளவத்தையிலிருந்து வாடகைக் கார் பிடித்து, கொள்ளுப்பிட்டி வாகன நெரிசலில் அசையாமல் நின்று, இருட்டுகிற நேரம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். சேர்ட் எல்லாம் நனைந்திருந்தது. வந்த உடனே என்னிடம் கேட்டாய், "ஏன் டடி லேட்டாச்சு? அம்புலன்ஸ் வரல்லயா?" என்று. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பீற்றர்ட த்ரீவீல் குறுக்க நிண்டிச்சு," என்றேன். திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. வாயில் முதலில் வந்தது. நான் எப்போதும் அப்படித்தான், முதலில் வாய், பிறகு மற்றதெல்லாம். அடுத்த நாள் காலை நீ அவர் வாசலில் நின்று கத்தினாய். உன் அம்மாவைக் கொன்றுபோட்டதற்குச் சமம் என்றாய். சேர்ச்சில் நீ முதல் நன்மை வாங்கின நாளில் உனக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டவர் அவர். அவர் உன்னைப் பார்க்கவில்லை, உனக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் செருப்பைப் பார்த்தேன். "சரி மகன், இனி இங்க விடமாட்டன்," என்றார். அதோடு கதவைச் சாத்தினார். அன்றையிலிருந்து த்ரீவீலை எங்கேயோ தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். இரண்டு வருஷம். ஒழுங்கையில் யாரிடமும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் வாசல்களிலும் டயர் இருக்கிறது.

அம்மாவுக்கு வலது பக்கம் போனதும், பேச்சு போனதும் உனக்குத் தெரியும். ஒரு சொல் மட்டும் மிஞ்சியது, அதுவும் உனக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமா என்றால் "ரைட்". வலிக்கிறதா என்றால் "ரைட்". கட்டப்போகிற ஷாமினியை நீ முதல் முதல் கூட்டிவந்து காட்டியபோது "ரைட், ரைட்" என்றாள், நீ சந்தோஷப்பட்டாய். உன் போன் வந்த அன்று பின்னேரம், அவளுக்குச் சோறு தீத்தி முடித்துவிட்டு, நான் எல்லாவற்றையும் சொன்னேன். டயர், கம்பி, பீற்றர் அங்கிளின் கோல், நான் வெட்டியது, உனக்குச் சொன்ன பொய். ஒன்றும் விடவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ரைட்," என்றாள். அது சரி என்பதா, போ என்பதா, கேட்டுவிட்டேன் என்பதா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. வாயைத் துடைத்துவிட்டு, கோப்பையைக் கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டயரை உடைத்தேன். என்னிடம் பெரிய சுத்தியல் இல்லை. ஒழுங்கையில் அது இருக்கிற ஒரே வீடு பீற்றர் அங்கிள் வீடு. போய்க் கேட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு, "அங்கிள், சுத்தியல் இருக்கா?" என்பதுதான். எடுத்துவந்து தந்தார். "கண்ணுக்குத் தெறிக்கும், கவனம்," என்றார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடித்தேன். நாலைந்து பேர் கூடினார்கள். உன் கை பதிந்த பக்கம் மூன்று துண்டாகப் போனது. துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. பிறகு மற்றக் கல்லோடு சேர்த்து மூட்டையில் கட்டினேன்.

டயருக்கு அடியில் கானின் வாய் இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். மதில் ஓரத் தண்ணீர் எல்லாம் இறங்குகிற ஓட்டை. அதன் மேலேதான் இவ்வளவு வருஷமும் டயரை வைத்திருந்தேன். உள்ளே சொப்பிங் பேக், யோகட் கப், பம்பர்ஸ், ஒரு பிள்ளையின் சப்பாத்து, எல்லாம் கறுத்து, களிமண்ணாக இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க, நாம் வாசலில் நின்றுகொண்டு மாநகரசபையைத் திட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். நான்தான் சத்தமாகத் திட்டினேன். கையை விட்டு அள்ளினேன். பீற்றர் அங்கிள் ஒரு வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாளியும் கொண்டுவந்து, பொலித்தீனை இதில் போடு, களியை அதில் போடு என்றார். உன் அம்மா சொல்கிற மாதிரியே இருந்தது. "அங்கிள், நான் அவனுக்குச் சொல்லப் போறன்," என்றேன். "சொன்னாச் சரி," என்றார். "எனக்காக எண்டு சொல்லாத. அவன் கார் கொண்டு வாறான் எண்டு கேள்விப்பட்டன். அதுக்காகச் சொல்லு." அவ்வளவுதான் கதைத்தோம்.

அவர் சொன்னபடி அதற்கு வருகிறேன். அந்தக் காரை இங்கே கொண்டு வராதே. மாமனார் தருவதை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கும், ஷாமினிக்கும் முகம் சுருங்கும், நான் அறிவேன். கல்யாண வீட்டில் கார் இல்லாத மாப்பிள்ளையைப் பார்த்து நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள். கதைக்கட்டும். நீங்கள் இருக்கப்போவது வெள்ளவத்தையில், வேலையும் அங்கே. ஸ்டேஷன் நடக்கிற தூரத்தில். கோட்டைக்கு ரயில், அங்கிருந்து பஸ். அம்மாவைப் பார்க்க நீ வருகிற பாதைக்கு இதுவே போதும். அன்றைக்கு நீ ரயிலில் ஏறியிருந்தால் வெளிச்சத்திலேயே வந்திருப்பாய். உன்னைக் காரில் ஏறச் சொன்னது நான்தான், ரயில் எல்லாம் சரிவராது என்று போனில் சொன்னேன். ஆக, அதுவும் என் கணக்கில் போகட்டும். காரை எடுத்தே ஆகவேண்டும் என்றால் எடு, உன் இஷ்டம். ஆனால் அதற்கு நிற்க உன் வீட்டுக்குள் இடம் இருந்தால் எடு. ரோட்டில் என்னுடைய இடம் என்று ஒன்று இல்லை. எனக்கு அது விளங்க நாற்பது தாண்டிவிட்டது. ஒருவனுடைய வண்டி நிற்கிற இடம், இன்னொருவனுடைய ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. என் கதையில் அந்த இன்னொருவனும் நானாகவே போய்விட்டேன்.

இந்த நகரத்தைத் திருத்து என்று உனக்குச் சொல்ல நான் யார். ஹோன் அடிக்கிற நேரத்தில் பிறேக்கை அடி. பையைக் கையில் கொண்டுபோ. கானில் எறியாதே. உன் வாசலில் உள்ள ஒரு ஓட்டையைத் திறந்து வை. ஒருவர் கோல் எடுத்து மூச்சு வாங்கினால், ஏன் என்று கேள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. இதுவும் உன் அம்மாவுக்கு எப்பவோ தெரிந்த விஷயம்.

லொறியை இப்போது ஒருகொடவத்தையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறேன். மதில் ஓரம் காலியாக இருக்கிறது. முதல் இரண்டு நாள் ஒருவரும் அதில் வாகனம் விடவில்லை, எனக்குப் பயந்தோ என்னவோ. பிறகு ஒருவன் பைக்கை விட்டான். போய்ச் சொன்னேன், எடுத்துவிட்டான். மற்ற ஐந்து டயரும் அப்படியே கிடக்கின்றன. இந்தக் கிழமை மழை பெய்தது, தண்ணீர் இறங்கிப் போனது. பின்னேரத்தில் அம்மாவைப் பீற்றர் அங்கிளின் அதே கதிரையில் அங்கே உட்கார வைக்கிறேன். அவர்தான் கதிரையைக் கொண்டுவந்து போடுகிறார். ஸ்கூல் வேன் பின்னுக்கு வரும்போது அவள் இடது கையைத் தூக்கி, "ரைட்... ரைட்" என்கிறாள். அந்த நேரத்தில் மட்டும் அந்தச் சொல் சரியான இடத்தில் வருகிறது. டிரைவரும் அவளைப் பார்த்துத்தான் எடுக்கிறான்.

நீ தந்த கல்யாணக் கார்ட்டுகளில் ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு பொய்யாகப் போகும். என்னோடு நீ கதைக்காமல் விட்டாலும் விடு, கல்யாணத்துக்கு என்னை முன் வரிசையில் உட்கார வைக்காவிட்டாலும் விடு, எனக்கு இப்போது அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவரோடு கதைக்காமல் விடாதே. இந்தக் கிழமை வா. முனையில் இறங்கி நடந்து வா. நம்முடைய வீடு உள்ளே தள்ளி. அதற்கு முதல் அவருடைய வீடு வரும்.

டடி